நீல ஜோடிக்குப் பிறந்த செங்கல் நிறப் பெட்டை

குற்றச்சாட்டு இது. இவ்வாண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பந்தயப் புறா வளர்ப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழு குழாய்க்கடையின் பின்கட்டில் கூடி, லிஃப்ட்காரரின் கூண்டில் பிறந்த ஒரு பெட்டைப் புறாவின் காலிலிருந்து சங்கத்தின் வளையத்தை வெட்டி எடுத்தது. அந்தப் புறா அதன் பெற்றோருக்குப் பிறக்கவில்லை என்பது குழு சொன்ன காரணம். பெற்றோர் இருவரும் நீலம், பிள்ளை சிவப்பு, ஆகவே லிஃப்ட்காரர் திருடன். ஒரு மனிதனின் பெயரை இதைவிடச் சுருக்கமாகக் கெடுக்க முடியாது.

நடந்ததை வரிசையாகச் சொல்வதே முறை.

லிஃப்ட்காரர் பள்ளியைப் பாதியில் விட்டவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். அடுக்குமாடிக் கட்டடங்களின் உச்சியில் லிஃப்டை இழுக்கும் மோட்டார் இருக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அந்த எண்ணெய்ப் பிசுக்கு அறைகளில்தான் அவருடைய வயது போயிற்று. மின்சுற்று வரைபடங்களைத் தாமாகவே படித்துப் பழகியவர். எந்தக் காகிதத்தையும் எறிய மனம் வராது; பழுது பார்த்த சீட்டு, பல் பிடுங்கிய ரசீது, மகளின் தடுப்பூசி அட்டை, எல்லாம் கட்டுக் கட்டாக அட்டைப்பெட்டிகளில் இருக்கும். "பழைய பேப்பர்காரன் நம்ம வாசலைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிட்டுப் போறான்" என்பாள் சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி.

குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் அவர் பந்தயப் புறா வளர்த்தார். புறாக்காரர்கள் நீலம் என்று சொல்வது உண்மையில் சாம்பல் நிறம். இறக்கையில் இரண்டு கறுப்புக் கோடு ஓடும். அவரிடம் இருந்தவை அனைத்தும் நீலம். அவற்றுள் முதன்மையான ஜோடி, சங்கத் தலைவரின் கூண்டிலிருந்தே கழித்துக் கொடுக்கப்பட்டது. தலைவரிடம் பேர்பெற்ற சிவப்பு ஆண் ஒன்று உண்டு. அதை அவர் சில நீலப் பெட்டைகளுடன் சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் அத்தனையும் நீலமாகவே வந்தன. "ஒண்ணாவது அப்பனை உரிச்சு வெச்சிருக்கா பாரு, எல்லாம் தண்டம்" என்று அவர் விநியோகித்தபோது, வெவ்வேறு தாய்க்குப் பிறந்த ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் லிஃப்ட்காரர் வாங்கிவந்தார். இதைச் சங்கத்தில் அறியாதவர் இல்லை.

சங்கத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. தலைவர் குளியலறைச் சாமான் விற்பவர். கடையின் பின்கட்டில் விற்பனைக்கு நிறுத்திய கழிப்பறைக் கோப்பைகளின் நடுவில்தான் கூட்டம். மூடியை இறக்கிவிட்டு ஆளுக்கொரு கோப்பைமேல் உட்காருவார்கள். தலைவருக்கு மட்டும் மெத்தை வைத்த மூடி. புதுக் கைகழுவும் தொட்டியில் கடலைத் தோலும் எரிந்த தீக்குச்சியும் குவிந்து கிடக்கும். தலைவர் பல் குத்திய குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு அதே தொட்டியில் போடுவார். உயிர்களின் வம்சத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சபை இவ்வாறு அமர்ந்திருந்தது.

போன வருஷம் அந்த நீல ஜோடி ஒரே ஒரு குஞ்சை வளர்த்தது. கூட இட்ட முட்டை கூழாகிவிட்டது. சங்கத்தின் வளையம் இல்லாத புறா பந்தயத்துக்குப் போக முடியாது. குஞ்சின் பாதம் சிறியதாக இருக்கும்போதே அதை மாட்டிவிட வேண்டும். வளர்ந்தபின் நுழையாது, வெட்டாமல் கழற்றவும் முடியாது. சங்கத்தின் செயலாளர் சலூன் வைத்திருப்பவர். அவரே மாடிக்கு ஏறிவந்து, கூட்டில் கைவிட்டு, தம் கையாலேயே வளையம் மாட்டிப் போனார். அப்போது குஞ்சின் உடம்பில் மஞ்சள் பூனைமயிர் தவிர வேறொன்றும் இல்லை.

இறகு முளைத்தபோது துரு ஒட்டியிருக்கிறதென்று நினைத்து லிஃப்ட்காரர் ஈரத்துணியால் துடைத்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

"என்னங்க இது, சுட்ட செங்கல்லு மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. அன்றிலிருந்து அதன் பெயர் செங்கல்.

தலைவரின் சிவப்பு மறுபடி வந்திருக்கிறதே, மனிதர் மகிழ்ந்துபோவார் என்று எண்ணி, பறவையைக் கூடையில் வைத்துச் சங்கத்துக்கு எடுத்துச் சென்றார் லிஃப்ட்காரர். வெள்ளை மனசுக்காரனுக்கு அதுதான் வினை.

தலைவர் கூடையைத் திறந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"சில மாசம் முன்னாடி எங்க கட்டடத்து லிஃப்டு ரிப்பேருக்கு வந்தே இல்ல?"

"வந்தேங்க."

"மாடி அறைக்குப் போற வழியில என் கூண்டு இருக்கு இல்ல?"

"இருக்குங்க."

"அப்புறம் என்ன பேச்சு? ஒரு முட்டை உன் பையில ஏறியிருக்கு."

சலூன்காரர் தொடையைத் தட்டினார். "தலைவரே, அப்படியும் சொல்ல முடியாது. இவரு பெட்டை எங்கயாவது ஊர் மேஞ்சுட்டு வந்திருக்கும். அதுக்கு இவரு என்ன பண்ணுவாரு பாவம்!"

கோப்பைகள்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பறவையின் கற்பைப் பற்றி இத்தனை ஆண்பிள்ளைகள் இவ்வளவு சுவையாகப் பேச முடியும் என்பதை அன்றுதான் லிஃப்ட்காரர் கண்டார். அதன்பின் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்று சொன்னார்கள். அவற்றை இங்கே எழுதினால் காகிதம் நாறும்.

லிஃப்ட்காரருக்கே உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்தது. தாம் எதையும் திருடவில்லை. பெட்டை பூட்டிய கூண்டைவிட்டு வெளியே போனதில்லை. பிறகு சிவப்பு எங்கிருந்து வந்தது? பழைய புத்தகக் கடையில் மேல்நிலைப் பள்ளி உயிரியல் பாடநூல் ஒன்றை வாங்கினார். அட்டை கிழிந்திருந்தது, யாரோ ஒரு பையன் தவளைப் படத்துக்கு மீசை வரைந்திருந்தான். மோட்டார் அறையில் வேலை ஓய்ந்தபோதெல்லாம் அதைப் படித்தார். புரியாத பக்கத்தை வீட்டில் மறுபடி படித்தார்.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லிலும் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று தகப்பன் கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. புறாவுக்கு நாற்பது ஜோடி. உடம்பு வளரும்போது செல் தன் சரக்கு மொத்தத்தையும் நகலெடுத்துக்கொண்டு அப்படியே இரண்டாகும். இனச்செல் உண்டாகும் இடத்தில் மட்டும் வேறு ஏற்பாடு. அதற்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். சரக்கு பாதியாகக் குன்றுவதால் வந்த பெயர். முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை இரட்டித்துக்கொள்கிறது. பிறகு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து பின்னிக்கொள்கின்றன. பின்னியிருக்கும்போது தகப்பன் வழித் துண்டு தாய் வழிக்கும், தாய் வழித் துண்டு தகப்பன் வழிக்கும் இடம் மாறுகின்றன. அதன்பின் ஜோடி பிரிகிறது. எது இந்தப் பக்கம் போக வேண்டும், எது அந்தப் பக்கம் என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. ஒவ்வொரு ஜோடியும் தன் போக்கில் பிரியும். மறுபடியும் ஒரு பிரிவு. ஒன்று நான்காகும், ஒவ்வொன்றிலும் ஜோடிக்கு ஒன்று மட்டும். ஆணிடம் அந்த நான்கும் விந்தணு. பெட்டையிடம் ஒன்றே முட்டையாகும். மிச்சம் சிறுத்து அழிந்துபோகும்.

துண்டுகள் இடம் மாறுவதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும்கூட, நாற்பது ஜோடியும் பிரியக்கூடிய வகைகள் மட்டுமே ஒரு லட்சம் கோடிக்கு மேல். இந்தப் பக்கம் ஒரு லட்சம் கோடி, அந்தப் பக்கம் ஒரு லட்சம் கோடி. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் ஒரு குஞ்சு. "அப்பனை உரித்து வைப்பது" என்ற பேச்சே கிடையாது. யாரையும் உரித்து வைக்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். படித்து முடித்ததும் லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை நுணுக்கமாக ஓர் உயிர் உருவாகியிருக்க, அதைக் கடலைத் தோலுக்கு நடுவில் வைத்து இளித்தார்களே என்று எண்ணியபடி புத்தகத்தை மூடினார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

"தலைவரே, இந்தச் சிவப்பு வெளிய தெரியணும்னா ரெண்டு பக்கத்துலயிருந்தும் சிவப்பு வரணும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம்னா நீலம்தான் தெரியும், சிவப்பு உள்ள பதுங்கிக்கும். உங்க சிவப்பு ஆணோட பிள்ளைங்க எல்லாம் நீலமா வந்ததுக்கு அதான் காரணம். அதுல ரெண்டுதான் என்கிட்ட இருக்கு. அதுங்களோட விந்தணுல பாதி, முட்டைல பாதி, சிவப்பைத் தூக்கிட்டு வரும். சிவப்பும் சிவப்பும் சேர்ந்தா செங்கல்லு."

"எத்தனைக்கு ஒண்ணு வரும்?"

"நாலுக்கு ஒண்ணுங்க."

சொன்ன சொல் அதுதான். இப்படிச் சொன்னது அவர் செய்த பிழை. ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்; நாலு குஞ்சு பிறந்தால் ஒன்று கட்டாயம் சிவப்பு என்று கேட்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"ஓஹோ, நாலுக்கு ஒண்ணு" என்று தலைவர் பல் குச்சியை எடுத்தார். "ஏம்ப்பா, உனக்குக் கம்பி மாதிரி முடி. உன் பொண்ணுக்கு ஊருப்பட்ட சுருட்டை. அதுவும் இந்த நாலுக்கு ஒண்ணு கணக்குதானா? மாடிக் கூண்டுக்குப் பூட்டு போட்டேங்கறே, வீட்டுக்குப் போட்டியா?"

பின்கட்டே அதிர்ந்தது. சங்கத்தின் பொருளாளர், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், லிஃப்ட்காரரின் மைத்துனர். யாருடைய வீட்டைப் பற்றிப் பேச்சு நடந்ததோ, அந்த வீட்டுக்காரியின் கூடப்பிறந்த தம்பி. அவரும் சிரித்தார்.

வீட்டில் மனைவி மகளின் பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லாமல் மென்று விழுங்கப் பார்த்தார். அவளிடம் அது நடக்காது.

"யார் யார் சிரிச்சாங்க?"

"எல்லாரும்தான்."

"என் தம்பி?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"கேக்கறேன்ல? வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானா, பல்லைக் காட்டிச் சிரிச்சானா?"

"பல்லைக் காட்டி."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தச் சுருட்டை எங்க அப்பா முடி. எனக்கு அரைகுறையா வந்துச்சு, அந்த மடையனுக்கு முழுசா வந்துச்சு. எண்ணெயைக் கொட்டிப் படிய வாரிட்டா இல்லேன்னு ஆயிடுமா? தன் தலையைத் தடவிப் பார்க்கத் தெரியாதவன் அக்கா வீட்டைப் பார்த்துச் சிரிக்கறான்." ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "அவங்க வாயைக் கழுவ அந்தக் கடையில இருக்கற அத்தனை குழாயும் பத்தாது."

குழு ஒரு சோதனை வைத்தது. நீல ஜோடியைப் பின்கட்டில் ஒரு கூண்டில் அடைத்து, தலைவரின் பூட்டைப் போட்டு, நாலு குஞ்சு பார்ப்பது. ஒன்று சிவப்பாக வந்தால் லிஃப்ட்காரர் யோக்கியர். "நாலுக்கு ஒண்ணுன்னு நீதானேப்பா சொன்னே?" லிஃப்ட்காரர் மறுத்துப் பார்த்தார். நாலு என்பது கணக்குக்குச் சொன்னது, நாற்பது குஞ்சாவது பார்க்க வேண்டும் என்றார். "இப்பவே ஜகா வாங்கறான் பாரு" என்றார் சலூன்காரர். அந்தச் சொல்லுக்குப் பயந்து அவர் ஒப்புக்கொண்டார்.

மொட்டைமாடிக் காற்றில் வளர்ந்த ஜோடி கழிப்பறைக் கோப்பைகளுக்கு நடுவே இருட்டில் அடைகாத்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் எச்சம் மிதக்கும். அவர் மாற்றப் போனால், "கிட்ட வராதே, கைவரிசை காட்டிடுவே" என்பார்கள். முதல் ஈட்டில் இரண்டு குஞ்சு. வெற்றிலைக் கறை நகத்தோடு யார் யாரோ கைவிட்டு, முளைக்கும் இறகைப் பிதுக்கிப் பார்த்தார்கள். இரண்டும் நீலம். அடுத்த ஈட்டில் இரண்டு. அவையும் நீலம்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. முன்னால் வந்த முட்டை என்ன நிறம் என்பது பின்னால் வரும் முட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் குரோமோசோம்கள் புதிதாகக் கலைந்து புதிதாகப் பிரிகின்றன. இப்படி மூன்று ஜோடியைப் பூட்டிவைத்து நாலு நாலு குஞ்சு பார்த்தால், ஏறக்குறைய ஒரு ஜோடிக்கு ஒரு சிவப்புகூட வராது. பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் அடுத்தடுத்து மூன்று பெண் பிறந்தால் நாலாவது ஆண் என்று எவராவது எழுதிக் கொடுத்திருக்கிறாரா? இதை லிஃப்ட்காரர் அன்று சொன்னார். கேட்கத்தான் ஆளில்லை.

மார்ச் பதினான்காம் தேதி செங்கல்லைக் கொண்டுவரச் சொன்னார்கள். பறவையைப் பிடித்துக்கொண்டது மைத்துனர். சலூன்காரர் குழாய்க்கடைக் கட்டரை எடுத்தார். அவர் கையாலேயே மாட்டிய வளையம். மாட்டும்போது பறவை யாருடைய கூட்டில், எந்த ஜோடியின் வயிற்றுக்கடியில் கிடந்தது என்பதை அவரைவிட அறிந்தவர் இல்லை.

"அண்ணே, நீங்கதானே மாட்டினீங்க?" என்றார் லிஃப்ட்காரர்.

"நான் குஞ்சுக்கு மாட்டினேன். முட்டைக்கா மாட்டினேன்?" என்று சலூன்காரர் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கட்டர் தவறிக் காலின் தோலில் பட்டது. மைத்துனர் கையில் ரத்தம் ஒட்டியதும், சீ என்று உதறி, கைகழுவும் தொட்டிமேல் நீட்டினார். கண்காட்சிக் குழாயில் தண்ணீர் வராதென்பது நினைவுக்கு வந்து கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதுவரை கோபம் இருந்தது லிஃப்ட்காரரிடம். அந்த நொடியில் அது போய் அருவருப்பு மட்டும் மிஞ்சியது. கூடையையும் பூட்டுக் கூண்டிலிருந்த ஜோடியையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கதை அந்தப் பின்கட்டோடு நின்றிருந்தால் மனிதர் விட்டிருப்பார். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அடுத்தவர் கட்டடத்துக்குள் நுழைந்துதான் பிழைக்க வேண்டும். அந்த வாரத்திலேயே ஒரு கட்டடத்தில், எப்போதும் அவருக்குத் தேநீர் தரும் காவலாளி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க, பையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்காங்க" என்றார். ஸ்பேனர், விளக்கு, எண்ணெய்த்துணி, சாப்பாட்டு டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். மாடியிலிருந்து இறங்கிவந்த ஓர் அம்மாள் டப்பாவையும் திறக்கச் சொன்னாள்.

அன்று மாலை மைத்துனர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரும்படி யாரும் சொல்லவில்லை.

"மாமா, தலைவரு பெரிய மனசு பண்ணிட்டாரு. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, விஷயத்தை முடிச்சுக்கலாம்னாரு. வேற பறவைக்கெல்லாம் வளையமும் குடுத்துடுவாரு."

"எது தெரியாம நடந்துச்சு?"

"அதான் மாமா... அது."

"திருட்டா?"

"அந்த வார்த்தையை யாராவது சொன்னாங்களா?"

லிஃப்ட்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்குக் கூட்டத்துல நடந்ததை என்னன்னு எழுதியிருக்கீங்க?"

மைத்துனர் நெளிந்தார். "'பிற விஷயங்கள் பேசப்பட்டன'ன்னு எழுதியிருக்கு. இதையெல்லாம் யாராவது எழுதுவாங்களா மாமா? வாய்ப்பேச்சுதானே."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாய்ப்பேச்சை வாய்க்குள்ளயே வெச்சு அழுகவிடச் சொல்லு. நீ கிளம்பு. போறப்ப தலையில தண்ணி பட்டுடாம பார்த்துக்க, சுருட்டை வெளிய தெரிஞ்சுடப் போகுது."

மைத்துனர் படியிறங்கினார். லிஃப்ட்காரர் கதவைச் சாத்திவிட்டு, மேசையிலிருந்த தட்டுகளை ஒதுக்கி, வெள்ளைத்தாள் எடுத்து இதை எழுதத் தொடங்கினார்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் கேட்கப்படுவது இதுதான். லிஃப்ட்காரர் முட்டையைக் கொண்டுவந்தார் என்றால், எந்தக் கூண்டிலிருந்து, எந்த நாளில், யார் பார்க்கக் கொண்டுவந்தார் என்பதை எழுதுக. அவருடைய பெட்டை வேறோர் ஆணுடன் சேர்ந்தது என்றால், பூட்டிய கூண்டுக்குள் அந்த ஆண் எவ்வழியே வந்தது என்பதை எழுதுக. நாலு குஞ்சும் நீலமாக வந்ததால் அவற்றுக்கு முன் பிறந்ததும் நீலமாகத்தான் இருந்திருக்கும் என்பது குழுவின் முடிவு என்றால், அதற்கான ஆதாரத்தை எழுதுக. இவற்றில் எதையும் எழுத இயலாது என்றால், அந்தச் செங்கல் நிறப் பெட்டை அந்த நீல ஜோடிக்கே பிறந்தது என்ற ஒரே வாக்கியத்தை எழுதி, அவர் வேலை பார்க்கும் கட்டடங்களுக்கும் அதன் நகலை அனுப்புக. ஒருவரின் மகளைப் பற்றித் தலைவர் கேட்ட கேள்வியையும், அது இன்னாரால் கேட்கப்பட்டது, இன்னார் சிரித்தனர் என்று நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்து, அதன்கீழ் அனைவரும் கையெழுத்திடுக. ஆள் வழியாகச் சொல்லி அனுப்பும் சமாதானம் ஏற்கப்படாது. தேதியும் கையொப்பமும் இட்ட பதில் எழுத்து மூலமாக வர வேண்டும்.